நாவல் நிறம்

இரவு ஷிப்ட் முடிந்து
ஜெலுத்தோங் பிளாட் படிக்கட்டிலேயே
உட்கார்ந்து தேடுகிறேன்.
'சிவந்த தடிப்பு' என்கிறது கைப்பேசி.
என் தோலில் எது சிவந்தது?
முழங்கை மடிப்பில்
நாவற்பழம் நசுங்கிய கறை, அவ்வளவுதான்.

படங்களெல்லாம் பால்நிறக் கைகள்.
ஒருவன் குஷ்டம் என்கிறான்,
ஒருத்தி வேப்பெண்ணெய் என்கிறாள்,
நாற்பத்தொன்பது வெள்ளி டப்பா ஒன்று
ஆளையே வெளுக்க வைக்குமாம்.
வெளுக்கவா கேட்டேன்?

நாலாம் இரவு,
ஏதோ மருத்துவமனை வெளியிட்ட படம்:
என் நிறத்தில் ஒரு கை.
அதே மடிப்பு, அதே நாவல்.
வெட்ட மறந்தார்களோ,
ஓரத்தில் மணிக்கட்டுக் கறுப்புக் கயிறு.

யாரம்மா நீ?

கீழே மருத்துவர் பெயர், தேதி.
முதல் வரியே சொறியாதீர்கள் என்றது.
நகத்தை எடுத்தேன்.