ஒன்றேகால் கூடை

பள்ளிக்கூடம் தூக்கிப்போட்ட வருகைப் பதிவேட்டில்தான்
கணக்கு எழுதுகிறேன்.
வந்தவர், வராதவர் என்று
பர்மிய எழுத்தில் அச்சடித்த கட்டங்களுக்குள்
போன விதையும் திரும்பிய விதையும்.

தனத்பின் கால்வாய்க் கரை, நாற்பது வீடு,
ஒரு தகரக் கொட்டகை, சாவி என்னிடம்.
ஒரு கூடை எடுத்தால்
அறுப்புக்குப் பின் ஒன்றேகால் கூடை.
அந்தக் கால் கூடைக்கு எத்தனை சண்டை!
"இதுவும் வட்டிதானே?" என்றார் மாசானம்.
அவர் வீட்டுப் பன்னிரண்டு ஏக்கர்
எவன் பேரேட்டில் போய்ப் படுத்ததென்று
இன்றைக்கும் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்.
"வட்டி பெட்டிக்குப் போகும். இது எலிக்குப் போகும்"
என்றாள் டோ மியா சீ.
சிரித்தோம். கால் கூடை நிலைத்தது.

பெகுவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த நாவ் எஸ்தர்
முதலில் நெல்லைக் கடித்துப் பார்த்தாள்.
எங்களைப் போலவே.
அதனால்தான் உட்காரச் சொன்னோம்.
பிறகு பையிலிருந்து ஈரமானியை எடுத்தாள்.
பதினேழு.
எங்கள் பற்கள் பதினான்கு என்று சாதித்திருந்தன.

காற்றுப் புகாத பைகள் முப்பது தந்தாள்.
வாயை முறுக்கி, மடித்து, இரண்டு கட்டு.
உள்ளே வண்டு மூச்சு முட்டிச் சாகும் என்றாள்.
கோ தான் டுன்
ஒவ்வொரு பையைக் கட்டும்போதும்
கண்ணை மூடிக்கொண்டார்.

மார்கழியில் வியாபாரியின் படகு வந்தது,
ஈர நெல்லுக்கு ஈர விலையோடு.
முன்பெல்லாம் களத்திலேயே ஏற்றிவிடுவோம்.
நெல்லுக்குப் பின் போட்ட உளுந்தும்
கப்பலேறி எங்கோ இட்லியாகும்.
ஆடியில் எங்கள் நெல்லையே அரிசியாய்
இரண்டு மடங்குக்கு வாங்கி
கஞ்சியில் முகம் பார்ப்போம்.
அந்த வருடம் பதினோரு வீடு ஏற்றவில்லை.
படகு அரை வயிற்றோடு திரும்பியது.

மாசானம் ஏற்றினார்.
விதைக்கு வைத்ததையும் சேர்த்து.
மகனுக்கு ரங்கூனில் அறுவை.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
அதை அளக்க எங்களிடம் மானி இல்லை.

அடுத்த மழையில் கரை உடைந்தது.
நாற்று இரண்டு முறை அழுகியது.
எஸ்தர் ஃபோனில் கூப்பிட்டாள்:
அலுவலகத்தை மூடிவிட்டார்களாம், பணம் தீர்ந்ததாம்.
"பைகளைக் கழுவாதீர்கள். துணியால் துடையுங்கள்."
வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.
எனக்கும்தான்.

மூன்றாம் நாற்றுக்குக் கொட்டகை வாசலில் வரிசை.
மாசானம் கடைசியில் நின்றார்,
வரிசையில் இல்லாதவர் போல,
கால்வாயைப் பார்த்துக்கொண்டு.
பழைய கடன் நிற்கிறது.
விதிப்படி கிடையாது.
விதியை எழுதியதும் என் கைதான்.
மிச்சம் ஒரு பை.
அதில் என் பெயர்.

பதிவேட்டைப் புரட்டினேன், நேரம் கடத்த.
மூன்றாவது கட்டம் ஒன்று இருந்தது.
இத்தனை நாள் அதில் எதுவும் எழுதியதில்லை.
வந்தவர். வராதவர். விடுப்பில் இருப்பவர்.

அவர் கடனை அந்தக் கட்டத்தில் ஏற்றினேன்.
பையை அவிழ்த்து
பாதியை அவர் சாக்கில் கொட்டினேன்.
டோ மியா சீ எட்டிப் பார்த்து
"கோணலாக எழுதியிருக்கிறாய்" என்றாள்,
அவ்வளவுதான்.

இந்த அறுப்புக்கு
மாசானம் கொண்டுவந்தது முக்கால் கூடை.
ஈரம் பதினாறு.
காயப் போட்டிருக்கிறேன்.