வரைபடத்தின் காய்ந்த முனை

எங்கள் சாப்பாட்டு மேசை
இந்த நாட்டுக்குப் போதாது.
விரித்தால் தெற்கு சுவரில் முட்டி மடங்குகிறது,
வடக்கு விளிம்பைத் தாண்டி வழிந்து
விறகடுப்பின் பக்கம் தொங்குகிறது.
அந்தத் தொங்கலின் கடைசியில் அரிக்கா.
தொட்டுப் பார்த்தேன்.
காகிதம் அங்கே மட்டும் சூடாக இருந்தது.

புவெர்த்தோ மோன்ட்டில்
பத்தொன்பதாம் நாளாக மழை.
நிபால்தோ கணக்கெழுதுகிறார்,
இரும்புக்கடைக் காலண்டரின் முதுகில்:
பேருந்து என்றால் இரண்டு இரவும் சொச்சமும்,
முழங்கால் ஒத்துக்கொள்ளாது.
விமானம் என்றால் சாந்தியாகோவில் மாறவேண்டும்,
பணப்பை ஒத்துக்கொள்ளாது.
மூன்று நாள் வாக்குவாதத்தில்
முழங்கால் ஜெயித்தது.
அதனால் ஆகஸ்ட் முழுக்க எனக்கு இரவு ஷிஃப்ட்.

சால்மன் வயிற்றைக் கீறிக்கொண்டே
நாட்களைப் பங்கு பிரித்தேன்.
முதல் நாள் மோரோ குன்று,
அதிகாலையில், வெயில் ஏறுமுன்.
"வெயிலுக்குத்தானே போகிறோம்?" என்றார்.
சரி, நண்பகலில்.
இரண்டாம் நாள் அசாப்பா பள்ளத்தாக்கு,
ஆலிவ் தோப்பு,
அப்படியே மியூசியம்,
எகிப்தின் மம்மிகளுக்கும் மூத்த மம்மிகள்.
"செத்தவர்களைப் பார்க்கவா இத்தனை தூரம்?"
செத்தவர்கள்கூடக் காய்ந்து கிடக்கும் ஊர், என்றேன்.
பதில் இல்லை.
நான்கு நாளாய்க் கொடியில் தொங்கும்
தன் காலுறையைத் திருப்பிப் போட்டார்.

மூன்றாம் நாளில் ஒன்றும் எழுதவில்லை.
எனக்குப் பிடித்த நாள் அதுதான்.

விடுதிக்காரர் எலியோடோரோ மமானி
போனில் பொறுமையாகப் பேசினார்.
ஜன்னல் கடலைப் பார்க்குமா? பார்க்கும்.
காலையில் காப்பி? உண்டு.
குடை கொண்டுவரவா?
பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.
அந்த முனையில் சிரிப்பு அடங்க நேரமானது.
வெட்கத்தை மறைக்க
வேறென்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.
புகைபோட்ட மீன் என்பார் என்று நினைத்தேன்.
அவர் யோசித்துச் சொன்னார்:
"என் மகள் நைராவுக்கு ஒன்பது வயது.
தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தைப்
புத்தகத்தில் படித்துவிட்டு
எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்கிறாள்.
முடிந்தால் கொஞ்சம் பதிந்து வாருங்கள்."

கொஞ்சமா!
எங்களிடம் மிஞ்சிக் கிடப்பதே அதுதானே.
அவசரமில்லை, நாளைக்குப் பதியலாம் என்று
போர்த்திக்கொண்டு தூங்கினோம்.

விடிந்தபோது மழை நின்றிருந்தது.

தெருவெல்லாம் கம்பளிகள் காய்ந்தன.
பக்கத்து வீட்டு ஒர்த்தென்சியா
நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு
சூரியனுக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
மறந்தே போயிருந்த எரிமலை
வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றது.
இரண்டாம் நாளும் அப்படியே.
ஐந்தாம் நாளும்.
தவணையில் வெயில் வாங்கிய இரண்டு பேர்
வாசலில் நின்று
இலவச வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.
குழாய்த் தண்ணீரைக் கூரையில் பீய்ச்சிப் பார்த்தார்.
யாரோ ஒன்றுக்குப் போவதுபோல் கேட்டது.
அழித்துவிட்டோம்.

சனிக்கிழமை விமானம்.
வெள்ளி இரவு, பெட்டி கட்டியாயிற்று.
இரண்டு மணி இருக்கும், தகரத்தில் ஒரு சொட்டு.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு மூட்டை அவிழ்ந்து சரிவதுபோல் மொத்தமும்.
முழங்காலை மறந்து
நிபால்தோ மேசைமேல் ஏறி நின்றார்,
போனைக் கூரைக்கு நீட்டியபடி, உள்ளாடையோடு.

பதிந்திருப்பது ஆறு நிமிடம்.
மழை. தெருநாயின் குரைப்பு.
"விழுந்து வைக்காதே" என்று நான்.
"பேசாதே, பதிகிறது" என்று அவர்.
அதன் பிறகு வெறும் மழை.

காலையில் பெட்டியிலிருந்து
குடையை எடுத்து வெளியே வைத்தேன்.
அவர் மறுபடி உள்ளே வைத்தார்.
எதற்கு என்று கேட்க வாய் திறந்தபோது
காலண்டர் முதுகு கண்ணில் பட்டது.
நான் காலியாக வைத்திருந்த மூன்றாம் நாளில்,
என்னைக் கேட்காமலே,
கோணல் கையெழுத்தில்:
மாலை நான்கு மணி, மழை.