மூன்று பத்து

1958. ஒரே ஒரு படம், கறுப்பு வெள்ளை.
எண்பத்தேழில் ஒரு பங்காய் நான் கட்டும் ஸ்டேஷனுக்கு
அதுதான் சாட்சி.
ஓடுகளை எண்ணினேன். ஜன்னல் கம்பிகளை எண்ணினேன்.
மணிக்கூட்டில் மூன்று பத்து.
விளக்குக் கம்பத்தின் நிழலோ மேற்கே நீண்டு கிடக்கிறது,
பால் கேன்கள் இன்னும் ஏறவில்லை.
காலை.

லங்னாவ் காப்பகத்தில்
திருமதி ஸ்பிண்டன் கண்ணாடியைக் கழற்றினார்.
"நின்றுபோன மணிக்கூடா? எங்கள் ஸ்டேஷனிலா?"
வீட்டில் யாரையோ நான் திருடன் என்றதுபோல்.
படத்தை இடம்வலம் மாற்றி அச்சிட்டிருப்பார்களாம்,
திருப்பினால் எட்டு ஐம்பதாம்.
"பெயர்ப்பலகை நேராக வாசிக்கிறதே" என்றேன்.
பேச்சு அத்தோடு நின்றது.

மூன்று வாரம் கழித்து ஓர் உறை.
செலவுப் பேரேட்டின் நகல்,
ஒரு வரியின் கீழ் பென்சில் கோடு:
மணிக்கூடு பழுதுபார்த்தல், நான்கு பிராங்க்.
கடிதம் எதுவும் வைக்கவில்லை.

முள்ளுக்கு ஒரு முடி வேண்டும், கறுப்பாய்.
குளியலறை விளக்கைப் போட்டு
நெடுநேரம் தேடினாள் சிவகௌரி.
"இதுதான் கடைசி. தொலைத்துவிட்டு வந்து நிற்காதேயுங்கோ."
அதையே இரண்டாய் வெட்டினேன்.

இன்றைக்குத்தான் மனிதர்களை ஒட்டுகிறேன்.
நடைமேடையில் தொப்பிக்காரர் ஒருவர்,
தலை குனிந்தபடி.
இத்தனை மாதமாய் அதைத் துக்கம் என்றிருந்தேன்,
அதற்கேற்ப முதுகைக்கூட வளைத்து வைத்திருந்தேன்.
லென்ஸை இன்னும் கிட்டக் கொண்டுபோனால்
இடது கைச் சட்டை ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது.
மணிக்கூட்டுக்கு நேர் கீழே நின்று
மனுஷன்
தன் மணிக்கட்டைப் பார்க்கிறார்.