பொய்ப்பனி

தன்னாமுனையில் பனி விழாது.
அதனால் உனக்கு நானே பனியானேன்.
கச்சான் காற்று வேலித் தகரத்தைப்
பிய்த்துக்கொண்டிருந்த ஆடி மத்தியானம்
ஏணியில் ஏறி உன் இலைகளை
ஒவ்வொன்றாய்க் கிள்ளி எறிந்தேன்.
தண்ணீரை நிறுத்தினேன்.
உறங்கு பார்பேரா,
இது மார்கழி, மலையெல்லாம் வெளுத்துவிட்டது என்று
முப்பத்தைந்து பாகை வெயிலில் நின்று
கூசாமல் சொன்னேன்.

நீ நம்பினாய்.
பதினேழாம் நாள் கணுவில்
பாற்பல்போல ஒரு மொட்டு.

நம்பிப் பழுத்தது கார்த்திகையில்.
கார்த்திகையில் இங்கே வாவியே வீட்டுக்கு வரும்.
வெடித்த பழமெல்லாம் சாம்பல் பூஞ்சணம்.
வாளி வாளியாய் அள்ளி
வாழையடியில் கொட்டினேன்.
பொய் சொன்னாலும்
பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லவேணும்.

இத்தாலியில் உன்னை எனக்குக் கையால்தான் பழக்கம்.
ஆஸ்தி என்று அந்த ஊருக்குப் பெயர்.
எனக்கு அங்கே ஆஸ்தியாய் இருந்தது
ஒரு கத்தரிக்கோல்.
ஒன்பது புரட்டாதி, பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.
நகக்கண்ணில் ஏறிய உன் சாறு
நத்தாருக்கும் போகாது.
இரவில் அவர்கள் வீட்டு மேசையைத் துடைத்து
கிளாஸ் அடியில் உலர்ந்த சிவப்பைக்
கழுவி ஊற்றுவேன்.
நாக்கில் ஒரு சொட்டு வைத்ததில்லை.

வரும்போது மூன்று தடி,
ஈரக் காலுறைக்குள் சுருட்டி.
ஒன்று வழியில் கறுத்தது.
ஒன்றை மெற்றில்டா வீட்டு ஆடு தின்றது.
மிச்சம் நீ.

மறுகா, மாசியில் உரித்தேன்.
ஆடியில் பழுத்தாய்.
அதே கச்சான் உன் தோலைத்
துடைத்துத் துடைத்து உலர்த்திற்று.
கிளிக்கு நுளம்புவலை. வௌவாலுக்கு றேடியோ,
விடிய விடிய மரண அறிவித்தல்.

பதினெட்டுக் கிலோ.
மச்சான் பெனடிக்ற் கால் கழுவிக்கொண்டு
மிதிக்க வந்தார்.
கையே போதும் என்று அனுப்பினேன்.
இரண்டாம் இரவு நீலப் பீப்பாய்
காய்ச்சல் பிள்ளையாய்க் கொதித்தது.
அந்த நேரத்தில் ஐஸ் கொம்பனியை எழுப்பி
சூரைமீனுக்கு வைத்த இரண்டு கட்டியை
உமியில் பொதிந்து
மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார் மனுஷன்.
நெஞ்சுவரை தொட்டிக்குள் அமர்த்தினோம்.
அன்றைக்குத்தான் நீ கண்டாய்
உண்மைக் குளிர்.

நாலாம் நாள் வாசம் வேலி தாண்டிற்று.
"என்ன கா, கசிப்பா?" என்றாள் மெற்றில்டா.
பழரசம் என்றேன்.
உனக்குச் சொல்லிப் பழகிய வாய்.

தையில் திறந்தோம். பதினான்கு போத்தல்.
குத்தரிசிச் சோறு, வாவி நண்டு.
பெனடிக்ற் ஒரு கண்ணை மூடி,
"கொறுக்காய் போட்டதோ?" என்றார்.
பிறகு போத்தலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.
மெற்றில்டா மெல்ல மெல்லக் குடித்து
நாவற்பழ நாக்கைக் கண்ணாடியில் நீட்டி
தனக்குத்தானே சிரித்தாள்.

எனக்கு முதலில் புளிப்பு,
நாக்கின் ஓரத்தில் ஊசி.
அது விலக ஒரு கறுத்த இனிப்பு
தொண்டையில் இறங்காமல் நின்றது.
கடைசியில் மெல்லிசாய்ச் சூரை வாசம்,
அல்லது என் மனப்பிராந்தி.

அவர்கள் போனபின்
இன்னொன்று ஊற்றிக்கொண்டேன்.
தவளை கத்திக்கொண்டிருந்தது.
கிளாசைக் கழுவவில்லை.
விடிந்து பார்க்க
அடியில் சிவப்பு உலர்ந்திருந்தது
என் மேசையில்.