இடது கையில் சோப்பு வேண்டாம்

அசனத்துக்குச் சோறு பொங்கும் கிடாரத்தில்
சனிக்கிழமைகளில் வெந்நீர் போடுகிறோம்.
வேப்பிலை ஒரு கொத்து, கல்லுப்பு ஒரு கை.
சைக்கிள் கொட்டகைக்குப் பழைய பீடத்திரைதான் மறைப்பு.
கமிட்டியில் ஒருவர் முகம் சுளித்தார்.
"மறைக்கத்தானே திரை" என்று
ஐயர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

ஜங்ஷன் பாலத்தடியிலிருந்து
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து
வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து
நடந்து வருகிறவர்களுக்கு
ஒரு சோப்பு, ஒரு சாரம், ஒரு பனியன்,
குளித்த பிறகு இட்லி.
(பெண்களுக்கு வியாழன். அது தனிக் கதை.)

முடி வெட்டப் பேச்சிமுத்து வருவார்,
வருசாவருசம் சுடலைக்குக் கிடா வெட்டுகிறவர்.
கூலி வாங்க மாட்டார்.
டீ மட்டும் கடுப்பமாக வேண்டும்.

என் வேலை, திரைக்கு இந்தப் பக்கம், பதிவேடு.
பெயர். வயது. ஊர். கொடுத்த பொருள்.
ஊர்க் கட்டத்தில் நான் கோடு இழுப்பதில்லை.
சொல்லாவிட்டால்
'சொல்லவில்லை' என்றே எழுதுகிறேன்.

ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு நாள்
உள்ளே சத்தம்.
தலையில் நுரை வழிய
சாரத்தோடு வெளியே வந்தார் வெயிலுமுத்து,
இடது கையைப் பாலித்தீன் பையில் சுற்றி
மேலே தூக்கிப் பிடித்தபடி.
"இந்தக் கையில சோப்பு வேண்டாம்.
அழிஞ்சிரும்லா."

பைக்குள், முழங்கைக்குக் கீழே
பேனாவில் எழுதிய போன் நம்பர்.
மகள் எழுதியதாம். எங்கே? ரயிலில்.
எப்போது என்றதற்கும் கையையே பார்த்தார்,
அதுவும் அங்கே எழுதியிருப்பதுபோல.

பதிவேட்டில் இறக்கினேன்.
ஒன்பது எண்தான் தேறியது.
ஆறாவது இடத்தில் சொறிந்த புண்.

முப்பத்தோரு வருசம்
டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பிளக்கு செருகியவள் நான்.
லைன் கிடைக்காது என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், குரல் மாறாமல்.
அன்று வாயில் வரவில்லை.
புண் இருக்கும் இடத்தில்
சுழியம் முதல் ஒன்பது வரை.
பத்துதானே.

சுழியம் உபயோகத்தில் இல்லை.
ஒன்று, கயத்தாறில் உரக்கடை;
யூரியா மூட்டை விலை சொன்னார்கள்.
இரண்டில் ஒரு பையன், அம்மா குளிக்கிறாள் என்றான்.
அவன் தாத்தா பக்கத்தில்தான் இருமிக்கொண்டிருந்தார்.
மூன்று எடுக்கவில்லை.
நான்கில் ஒரு பெண்.
"பாளையங்கோட்டைல இருந்து பேசுறேன், இங்க ஒரு பெரியவர்"
முடிக்க விடவில்லை.
"கெடச்சிட்டாவளா?
வலது புருவத்துல தழும்பு இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன்.
வெயிலுமுத்துவின் புருவத்தில் நுரை மட்டும் இருந்தது.
விரலால் அதையும் துடைத்துப் பார்த்தேன்.

"பேரு என்னம்மா?" என்றேன்.
தங்கத்துரை. விளாத்திகுளம்.
போன ஐப்பசியில் சந்தைக்குப் போனவர்.
குளிக்க வராத ஒருவரை
முதல் தடவையாகப் பதிவேட்டில் ஏற்றினேன்.
கொடுத்த பொருள்: அந்தக் கட்டம் அப்படியே கிடக்கிறது.

ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது,
யாருடைய அப்பாவும் இல்லை.
எட்டு அடித்துக்கொண்டே இருந்தது.

"நோட்டுல எழுதியாச்சு, இனி கழுவலாம்" என்றேன்.
வெயிலுமுத்து யோசித்தார்.
"நோட்டு நனஞ்சா?"

காணிக்கைக் கவரில் பெயர் எழுதும் மார்க்கரால்
ஒன்பது எண்ணையும் திரும்பக் கையில் எழுதினேன்,
நடுவே புண்ணுக்கு இடம் விட்டு.
காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.
பிறகு உட்கார்ந்து எட்டு இட்லி.

மூன்றும் எட்டும் இன்னும் எடுக்கவில்லை.
சனிதோறும் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் போட்டுப் பார்க்கிறேன்.

பேச்சிமுத்துவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆனாலும் இப்போதெல்லாம்
யார் வந்து உட்கார்ந்தாலும்
கத்தரியை எடுக்கும் முன்
வலது புருவத்து முடியை
ஒரு விரலால் ஒதுக்குகிறார்.