தனிய

படிவத்தில் ஏழாவது கேள்வி.
நாலு பெட்டி, ஒன்றில் சரி போடவேண்டும்.
ஒலுமடுச் சந்தியில் சைக்கிள் திருத்தும் பரிமளகாந்தி
ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கியபடி சொன்னாள்:
"தனி எண்டு போடாதேங்கோ மிஸ்.
தனிய எண்டு போடுங்கோ."

ஒரு எழுத்து.
அதற்குப் பெட்டி இல்லை.

தனி என்றால் கலப்பில்லாதது.
தனித் தேங்காயெண்ணெய்.
ஒருகாலம் அந்தச் சொல்லை
நாட்டுக்கு முன்னால் வைத்திருந்தோம்.
இப்போது அது
பெண்களின் பெயருக்குப் பின்னால் நிற்கிறது.

தனிய என்பது யாரோ கேட்கிற சொல்.
தனியவோ வந்தனீங்கள்?
தனியப் போகாதேங்கோ, இருட்டுது.
கேட்க ஒருவர் இருந்தால்தான்
அது வாயில் வரும்.

தனிச்சுப்போறது வேறை, என்றாள்.
குமிழி வந்த இடத்தைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு
அதற்குமேல் சொல்லவில்லை.
வழியெல்லாம் நான்தான் யோசித்தேன்:
போனவர்கள் மற்றவர்கள்.
'போ' மட்டும் எப்படி
மிஞ்சினவளின் வினையாயிற்று?
யார் யார் போனார்கள் என்பது
பதினோராவது கேள்வி. நான் கேட்கவில்லை.

தனிமை என்று இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை.
கிளிநொச்சிப் பயிற்சிப் பட்டறையில்
வெள்ளைத் தாளில் பச்சை மார்க்கரால் எழுதினார்கள்.
பக்கத்தில் ஒரு அழுமூஞ்சி.
பிறகு பற்றீசும் தேத்தண்ணியும் தந்தார்கள்.

மாங்குளம் திரும்பும் வழியில்
முதிரைக் காட்டின் விளிம்பில்
ஒரு பொடியன் கையைக் குறுக்கே நீட்டினான்.
"நில்லுங்கோ மிஸ். தனியன் நிக்குது."

கூட்டமென்றால் பார்த்துப் பார்த்துக் கடந்துவிடும்.
வெடி வாங்கி வைத்திருப்பது தனியனுக்குத்தான்.
கூட்டம் கலைத்ததா, தானாய் விட்டு வந்ததா
ஒருவரும் அதனிடம் கணக்கெடுத்ததில்லை.
காது மட்டும் தெரிந்தது,
இலைகளுக்குள் இன்னொரு இலையாக
ஆறுதலாக அசைந்துகொண்டு.

எஞ்சினை நிறுத்தினேன்.
பின்னால் பாண் ஓட்டோ வந்து
தன் பாட்டை நிறுத்தியது.
நேரம் போனது.
பாண் மணந்தது.
"தனியவோ வந்தனீங்கள்?" என்றான் பொடியன்,
காட்டைப் பார்த்தபடியே.

ஓம், என்றேன்.
பிறகு இன்னொருதரம், ஓம்.

இரவு அறையில், நுளம்புத்திரி வெளிச்சத்தில் அல்ல,
நல்ல மின்குமிழின் கீழேதான்,
'தனி' என்ற பெட்டிக்குச் சரி போட்டேன்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு 'ய'.
கணினியில் ஏற்றும்போது அது விழுந்துவிடும்.
தெரியும்.
கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.