சிவப்புப் பக்கம்

வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து
இந்தக் குமிழ் நீலத்தில்தான் நிற்கிறது.
நாலு வருஷம்.
எதிர்ப்பக்கம் சிவப்பாய் ஒரு வளைவு இருப்பதைத்
தூசி துடைக்கும்போது மட்டும் பார்ப்பேன்.
டிசம்பர் மழையிலும் கழுத்து வியர்க்கும் ஊரில்
யார் திருப்பப் போகிறார்கள் அதை?

டேஷ்போர்டுக்குள் டிக் டிக்கென்று சத்தம் கேட்டு
சின் மிங் பட்டறைக்குப் போயிருந்தேன் ஒருமுறை.
அறுபது வெள்ளி கேட்டான் கோக் வா,
ஐம்பத்தைந்தில் முடிந்தது.
உள்ளே ஒரு சின்னக் கதவு, பல்சக்கரம் தேய்ந்துவிட்டதாம்.
உள்ளங்கை அகலம்தான்.
காற்று முதலில் குளிர்ந்த தகடுகளுக்குள் நுழையும்,
தன் ஈரத்தை அங்கேயே உதறும்.
அதற்குப் பிறகுதான் கதவின் வேலை:
எவ்வளவு காற்று நேரே வரலாம்,
எவ்வளவு எஞ்சினின் கொதிநீர் ஓடும் குழாய்களைச்
சுற்றிக்கொண்டு வரவேண்டும்.
"ரெண்டும் ஒரே நேரத்திலயா?"
"ஒரே நேரத்தில்தான். ஆனா இங்கே யாருக்கு
சூடு வேணும், சிஸ்டர்?"
ஸ்குரூவை மறுபடி பல்லில் கவ்விக்கொண்டான்.

அப்படியென்றால்
நீலத்திலேயே நான் ஓட்டிய அத்தனை தூரமும்
முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால்
கொதிநீர் போய்க்கொண்டும் வந்துகொண்டும்
இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை இரவு.
தோ பாயோவில், டயாலிசிஸ் நிலையத்து வாசலில்
ஏறினார் மரியசூசை.
பெயர் போனில் தெரிந்தது. யீஷூனுக்கு.
மழை குடையை மதிக்கவில்லை.
முழங்கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரியை
மறுகையால் மூடியபடி உட்கார்ந்தார்.
இரத்தத்தை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கியவரின் நடுக்கம்
என் சீட்டின் முதுகுவரை வந்தது.
"ஏர்கானைக் கொஞ்சம் அடைச்சிடலாமா, மேடம்?"

அடைத்தேன்.
பிரேடல் தாண்டுமுன் கண்ணாடி உள்ளே வெளுத்தது.
அவர் சட்டை, அவர் குடை, எங்கள் இருவர் மூச்சு,
எல்லாம் போய் அதில் ஒட்டிக்கொண்டன.
முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு
பாண்டோங்கில் ஊற்றிய ரோஸ் சிரப்பாய்க் கரைந்தது.
துணியால் தேய்த்தேன். கோடு விழுந்தது. கோடும் மறைந்தது.
மறுபடி போட்டேன்.
பாதை தெரிந்தது.
பின்னால் பற்கள் தட்டின.
அடைத்தேன், லாரி காணவில்லை.
போட்டேன், அவர் தன் இரு கைகளையும்
கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டார்.
விரைவுச்சாலையில் தொண்ணூறில் போய்க்கொண்டு
எத்தனை தடவை இப்படி?

ஏர்கானின் பச்சை விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டு
குமிழைத் திருப்பினேன்.
நீலம் முடிந்து, வெள்ளைப் புள்ளி தாண்டி,
இதுவரை என் விரல் போகாத பக்கம்.
முதலில் வாசம்தான் வந்தது,
நாலு வருஷத் தூசி பொசுங்கும் வாசம்.
"என்னமோ கருகுதே?"
"ஒன்னுமில்ல சார். இன்னிக்குத்தான் வேலைக்கு வருது."

கண்ணாடியின் அடியில் ஒரு பிறை தெளிந்தது.
ஏறியது. அகன்றது.
உலர்ந்த வெதுவெதுப்பு,
வெயிலில் கிடந்த துண்டை உதறியது போல.
குளிர் ஈரத்தை வாங்கிக்கொண்டு விட்டதைச்
சூடு அள்ளிக்கொண்டு வந்தது.
ஒன்றையொன்று அணைக்குமென்று நினைத்திருந்தேன்.
லாரிக்கு நம்பர் முளைத்தது.
மரியசூசை ஒரு கையை வெளியே எடுத்து
நடுவில் இருந்த காற்றுத் துளையருகே நீட்டினார்,
அடுப்பில் சப்பாத்தி உப்புகிறதா என்று பார்ப்பவர் மாதிரி.
ஈசூன் அவென்யூவில் குறட்டை.

என் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.
அது வேறு கதை.

புளோக்கின் கீழே இறங்கும்போது
குடையை மறந்தார், திரும்பி வந்தார், எடுத்தார்.
நன்றி சொன்னாரா, நினைவில்லை.
மழை விட்டிருந்தது.
வண்டிக்கு அடியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது,
அவர் சட்டையிலிருந்து காற்று பிரித்தெடுத்த தண்ணீர்.

குமிழை நீலத்துக்குக் கொண்டுபோனேன்.
முழுக்கப் போகவில்லை போல.
அடுத்து சாங்கிக்கு ஏறிய பெண்
"காற்று சூடாக வருகிறது" என்று எழுதி
மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாள்.